குறிப்புக் கட்டத்தின் அகலம்

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழவேண்டியவன் ஐந்து பத்துக்கு எழுந்தேன். முந்தைய நாள் தூக்கம் சரியில்லை. இரண்டு டம்ளர் வெந்நீர். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. சவரம், குளியல். மனைவி நான்கு இட்லி வைத்தாள், மூன்று சாப்பிட்டேன். ஏழு இருபத்தைந்துக்கு வண்டியை எடுத்துக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து நிறுத்தத்தில் விட்டு, சங்கராபுரம் பேருந்தில் ஏறி, அங்கே மாறி, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பள்ளிக்குள் நுழைந்தேன். முதல் பாடவேளை எட்டாம் வகுப்பு. பானை. நிழல் வேண்டாம், வெளிக்கோடு மட்டும் போடுங்கள் என்றேன். பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாகக் கல்வராயன் மலையைப் பார்த்தபடி நின்றேன். மேகம் பாதி மலையை அழித்திருந்தது.

பதினொன்றரைக்குத் தலைமையாசிரியர் அறையில் விசாரணை. நான் எழுதிய ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

நான் ஓவிய ஆசிரியர். மலையடிவாரத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் மதிய உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அதற்கென்று உள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் முறை புதன்கிழமை. பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, உணவு, ருசி பார்த்தவர், கையெழுத்து, குறிப்பு. ஒவ்வொரு ஜூன் மாதமும் நீளக் கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, இரும்பு ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் இந்தக் கட்டங்களைப் போட்டுக் கொடுப்பதும் நான்தான். குறிப்புக் கட்டம் இரண்டு சென்டிமீட்டர். அதில் ‘நன்று’ என்று எழுதலாம். வேறு எதையும் யாரும் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 9 புதன்கிழமை, மதியம் பன்னிரண்டே காலுக்குச் சமையற்கூடத்துக்குப் போனேன். புளிச்சாதம், முட்டை. புளி சற்றுத் தூக்கலாக இருந்தது, மற்றபடி குறையில்லை. பதிவேட்டைத் திறந்தேன்.

ஓரம் முழுக்க நீல மை. பால்பாயிண்ட் பேனாவால் சுழித்துச் சுழித்து ஒரு கோடு, பக்கத்தின் கீழ் இடது மூலையில் தொடங்கி, மேலே ஏறி, எதிர்ப்பக்க ஓரத்தில் இறங்கி, கட்டங்களுக்கு நடுவிலும் புகுந்திருந்தது. சங்கிலி, நத்தை, வெற்றிலை, சுருள், பல் பல்லாய் ஒரு விளிம்பு. இதற்கிடையே மஞ்சள் பட்ட விரல் ரேகை ஒன்று, முட்டைக்கரு காய்ந்த சொட்டு ஒன்று. போன புதன் நான் போட்ட கையெழுத்தைச் சுற்றி அந்தக் கோடு இரண்டு முறை வளைந்து போயிருந்தது. அதுவரை நிரம்பிய பழைய பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும், அவற்றை நான் புரட்டியதே இல்லை. சாம்பாரில் முடி கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு.

இந்த அருவருப்பு எனக்குப் புதிதல்ல. எழுதும் தாளின் ஓரத்தில் கை போனபோக்கில் வரைவதைப் பார்த்தாலே குமட்டும். பயிற்சி வகுப்புகளில் பக்கத்து இருக்கைக்காரர் கையேட்டில் பூ போட ஆரம்பித்தால் இடம் மாறி உட்காருவேன். மலையில் அருவிப் பக்கம் போனால் பாறையெல்லாம் பெயின்டில் இதயமும் அம்பும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஏழெட்டு ஆண்டாக மலை ஏறவில்லை. வரைவது வேலை, உட்கார்ந்து, நினைத்து, செய்ய வேண்டியது. இது கை தானாகக் கக்குவது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யார் வரைந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பதிவேடு இருப்பது சத்துணவு அமைப்பாளர் அம்மாவின் பொறுப்பில். சமையலர் இடம் காலியாகவே இருப்பதால் சமைப்பதும் அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மலைமேல் ஊர்க்காரர். கணவர் லாரி ஓட்டப் போனவர் உளுந்தூர்பேட்டையிலேயே தங்கிவிட்டார், திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தது எங்கள் பத்தாம் வகுப்பில். இந்த வேலைதான் அந்த மூன்று பேருக்கும். அவர் அப்போது அண்டாவைத் துணியால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், புளி ஜாஸ்தியா?” என்றார்.

“புளி இல்லை. இது என்ன?” பதிவேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“அதுவா? அது சும்மா.”

“சும்மா என்றால்?”

“சும்மான்னா சும்மா சார். கை சும்மா இருந்துச்சி.”

பேனாவைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில், உணவைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், ஓரத்தைப் பற்றி எழுதினேன். ‘கிறுக்கல்’ என்பதுதான் மனதில் இருந்தது. இரண்டு சென்டிமீட்டரில் அது அடங்காது. என் எழுத்து கட்டத்தின் சிவப்புக் கோட்டைத் தாண்டியதே கிடையாது. அன்றும் தாண்டக்கூடாது என்று பட்டது. ‘கிறுக்கு’ என்று எழுதி நிறுத்தினேன். கையெழுத்து, தேதி. அன்றைய நாட்குறிப்பிலும் அப்படியே இருக்கிறது: “மதியம் 12.15. புளிச்சாதம், நன்று. பதிவேட்டில் கிறுக்கு.”

எழுதும்போது அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் பேசும் ஊரில் ஐம்பத்தொரு வயது வரை வாழ்ந்தவனுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தின் படம் என் கைபேசிக்கே வந்தது. ஊர்ப் பெற்றோர் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். என் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, “சோறு ஆக்குற அம்மா கிறுக்குன்னு வாத்தியாரே எழுதி கையெழுத்து போட்டுட்டாரு. நம்ம புள்ளைங்க உயிரு?” அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், அழும் பொம்மைகள். என் கையெழுத்து அத்தனை தெளிவாக இருந்தது. யாரும் படிக்கத் தவறியிருக்க முடியாது.

போட்டவர் யாரென்று இரண்டு நாளில் தெரிந்தது. ஊரில் நிலமும் அறுவடை இயந்திரமும் வைத்திருப்பவர். அவருடைய மருமகள் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அமைப்பாளர் வேலை அவருக்குக் கிடைத்தால் நடந்தே வந்து போகலாம். திங்கட்கிழமை பதினோரு பிள்ளைகள் தட்டை எடுக்கவில்லை. சுதந்திர தினம் கழிந்து புதன்கிழமை பத்தொன்பது பேர். அன்று ருசி பார்க்கும் முறை என்னுடையது. சாப்பிட்டேன், ‘நன்று’ என்று எழுதினேன். அமைப்பாளர் அம்மா அடுப்புப் பக்கமே திரும்பி நின்றார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து 24ஆம் தேதி விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. சமைப்பவருக்கு மனநிலை சரியில்லை என்று ஓர் ஆசிரியரே பதிவு செய்திருப்பதாக மனு. நிரூபணமானால் வேலை போகும். தலைமையாசிரியர் என்னிடம், “இது உங்க எழுத்து. நீங்களே வாயால சொல்லிடுங்க. அந்த ஓரத்துப் படத்தப் பத்தியும் ரெண்டு வார்த்த. நீங்கதானே படிச்சவரு” என்றார். பதிவேட்டின் ஓரங்கள் தெரியும் பன்னிரண்டு பக்கங்களை நகல் எடுத்துக் கொடுத்தார்.

20ஆம் தேதி ஞாயிறு. காலை பத்து முதல் ஒரு மணி வரை சாப்பாட்டு மேசையில் அந்த நகல்களோடு உட்கார்ந்தேன். ஓவியக் கல்லூரியில் எங்களுக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. படத்தைப் பார்க்கும்போது, வரைந்தவர் யார், ஏன் வரைந்தார், அது எதைப் போல இருக்கிறது, என்ன கதை சொல்கிறது என்ற நான்கையும் விட்டுவிட வேண்டும். கோடு, வடிவம், இடைவெளி, எடை, ஒழுங்கு. இவை மட்டும் கண்ணுக்கு. தாளைத் தலைகீழாக வைத்துப் பார்ப்போம். அப்போது நத்தை நத்தையாகத் தெரியாது, சுருளாகத்தான் தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்போம். அப்போது கறுப்பு எங்கே சேர்கிறது, வெள்ளை எங்கே ஓடுகிறது என்று தெரியும். இந்த முறையை நான் நம்பியவன். இன்றும் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியாது. வெறும் கிறுக்கலுக்கு இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பிணத்தை அறுப்பவர் கையுறை போட்டுக்கொள்வதுபோல முறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எழுத்துகளை வெள்ளைத் தாளால் மறைத்தேன். மறைத்ததும் படம் சரிந்தது. கோடுகள் எதையோ சுற்றி வந்து, சுற்றியது காணாமல் போய், வெறும் கண்ணிகளாகத் தொங்கின. தாளை எடுத்தேன், திரும்பவும் நின்றது. அப்போதுதான் புரிந்தது, சிக்குக் கோலத்தில் புள்ளிகள் எதுவோ அது இங்கே எங்கள் கையெழுத்துகள். தேதி ஒரு புள்ளி, ‘நன்று’ ஒரு புள்ளி. ஒன்றைக்கூடத் தொடாமல், ஓர் எழுத்தின் மேல்கூட ஏறாமல், எல்லாவற்றையும் சுற்றிக் கோடு ஒரே வீச்சில் போயிருந்தது. மஞ்சள் விரல் ரேகையையும் அப்படியே புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பக்கத்தில் எட்டில் பேனா தாளைவிட்டு எழவே இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன்: அடுத்தடுத்த சுழிகளுக்கு இடையே நான்கு மில்லிமீட்டர், எங்கும் அதற்கு மேலோ கீழோ அரை மில்லிமீட்டர்தான். நடுக்கம் இல்லை. இப்படி ஒரு கை எங்கள் கல்லூரியில் எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ணினால் ஒரு கை விரல்களுக்கு மிஞ்சாது.

ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும். கை நல்ல கை. கண் பேராசை பிடித்த கண். வெள்ளை கண்ட இடமெல்லாம் நிரப்புகிறது. எல்லாச் சுழிக்கும் ஒரே எடை, மூச்சு விட இடமில்லை. நான்கு பக்கம் பார்ப்பதற்குள் இனிப்பு அதிகமாகத் தின்றவன்போல ஆகிவிட்டேன். ஒரே ஒரு பக்கம் வேறு மாதிரி இருந்தது, ஜூலை 19. அதில் கோடு வலது ஓரத்தில் பாதி இறங்கி, சட்டென்று நின்று, கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருந்தது. அந்த வெறுமை மேலே இருந்த அத்தனை நெரிசலையும் தாங்கியது. பன்னிரண்டு பக்கத்திலும் ஓவியம் என்று சொல்லத்தக்கது அதுதான். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். மூன்று மணி நேரமும் அந்த அம்மாவின் முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. முறையின் சிறப்பு அது. அதை அன்று சிறப்பு என்றுதான் நினைத்தேன்.

விசாரணைக்கு வருகிறேன். தலைமையாசிரியர் அறை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா நடுவில். குழுவில் படம் போட்டு மனுவும் கொடுத்த வயல்காரர் சன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். இரண்டு தாய்மார்கள் பெஞ்சில். அமைப்பாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். வயல்காரர் எழுந்து வந்து விரலை வைத்தார்.

“மேடம், இதப் பாருங்க. பாம்பு. ரெண்டு தல பாம்பு. மலையில இவுங்க ஆளுங்க செய்வினைக்கு எழுதறதுதான் இது. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

“ஆமாங்க, ரெண்டு தல பாம்புதான்,” என்றார் அமைப்பாளர் அம்மா. “ஒரு தல இங்க கீது. இன்னொரு தல வேலைக்கு ஆர்டர் வருமான்னு உங்க வூட்டுல காத்துக்கினு கீது.”

பெஞ்சில் இருந்த ஒரு தாய் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடினார். மற்றவர் எட்டிப் பார்த்து, “எனுக்குப் பாம்பாட்டம் தெரிலங்க. கண்ணாட்டம் கீது. நம்மளயே பாத்துக்கினு கீது” என்றார்.

“கண்ணா? எங்க?” முதல் தாயும் குனிந்தார். “அட, கயிறு மாதிரி இல்ல? தூக்குக் கயிறு.”

நான்கு தலைகள் பதிவேட்டின் மேல் கவிழ்ந்திருந்தன. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்கள். வயல்காரரின் விரல் அழுக்கு நகம் அந்தக் கோட்டின் மேலேயே போய்வந்தது. ஓரத்தில் நீல மையைப் பார்த்தபோது எனக்கு வந்த குமட்டல் இதன் முன் ஒன்றுமில்லை. கோட்டை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தாங்கள் கொண்டுவந்ததை அதில் போட்டு, திரும்ப எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“சார்,” என்றார் அதிகாரி. “நீங்க டிராயிங் மாஸ்டர். இது என்னன்னு சொல்லுங்க.”

“கோடுங்க மேடம்.”

“கோடுன்னு எனக்கும் தெரியுது. என்ன அர்த்தம்?”

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தயார் செய்த பதில் என்னிடம் இருந்தது. பாம்பு, கண், கயிறு எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டும் என்று நம்பிய பதில். சொன்னேன்: “அர்த்தம் எதுவும் இல்லைங்க. இதுல அர்த்தம் தேடக்கூடாது. கோடு, இடைவெளி, ஒழுங்கு, அவ்வளவுதான் இருக்கு.”

வயல்காரர் கையைத் தட்டினார். “கேட்டீங்களா மேடம்? அர்த்தமே இல்லாம ஒரு பொம்பள தெனமும் நோட்டு நோட்டா எழுதிக்கினு இருந்தா அதுக்குப் பேரு இன்னாங்க? நான் சொல்லல. அவுரே கட்டம் கட்டி எழுதிட்டாரு, கிறுக்குன்னு!”

நான் படித்த முறை இப்படி ஓர் ஆளின் கையில் கத்தியாகப் போய்ச் சேரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஒழுங்கு என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான்கு மில்லிமீட்டர் என்றேன், அதிகாரி, “என்ன?” என்றார், தலைமையாசிரியர் மேசைக்கடியில் என் காலைத் தொட்டார். நிறுத்திக்கொண்டேன்.

அதிகாரி அமைப்பாளர் அம்மா பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. எதுக்கு வரைஞ்ச?”

“சோறு வேவணும்ல மேடம்.”

“சோறு வேகறதுக்கும் இதுக்கும் என்ன?”

“அரிசி போட்டப்புறம் இருபத்தஞ்சு நிமிசம் ஆவுது. அங்கன இங்கன போவ முடியாது, பொங்கிடும். புள்ளைங்க ஓடியாந்துடும். ஒக்காந்துக்கினே இருக்கணும். செல்போனப் பாத்தா கண்ணு அதுல போயிடுது, சோத்துல இருக்காது. இது கை பாட்டுக்குப் போவும், கண்ணு அடுப்புல இருக்கும். பக்கம் முடியறப்ப சோறு பதமாயிடும். எனுக்குக் கடிகாரம் இதான்.”

“அதுக்கு கவர்மென்ட் பதிவேடுதான் கெடைச்சுதா?”

“அது ஒண்ணுதான் மேடம் எங்கிட்ட குடுத்துக் கீற நோட்டு.”

அதிகாரி இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். ஜூலை 19இல் நின்றார். அவர் கண்ணும் அங்கே நின்றது எனக்கு வியப்பாக இருந்தது. “இங்க மட்டும் ஏன் பாதியில விட்டுட்ட?”

“அன்னிக்குப் பொங்கிடுச்சிங்க. பேனாவப் போட்டுட்டு ஓடினேன்.”

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று நான் குறித்தது பையில் மடித்து இருந்தது. நான் கற்ற முறைப்படி இது ஒரு பொருட்டே அல்ல. கஞ்சி பொங்கியதால் வந்த வெறுமையும் வெறுமைதான், அது மேலே உள்ள நெரிசலைத் தாங்கத்தான் செய்கிறது. இன்றும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அறையில், அந்த நிமிடத்தில், கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு வரைந்த கோட்டைக் கண்ணால் மட்டும் மூன்று மணி நேரம் அளந்தவன் நான் ஒருவன்தான்.

“சார், நேரா கேக்கறேன்,” என்றார் அதிகாரி. “கிறுக்குன்னு நீங்க எழுதினது இந்தம்மாவையா, படத்தையா?”

“படத்தைத்தாங்க. கிறுக்கல்னு எழுத நெனச்சேன். கட்டத்துல எடம் போதல.”

“எடம் போதலையா?”

“ரெண்டு சென்டிமீட்டருங்க.”

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “அடிச்சிட்டு சரியா எழுதுங்க. ஓவர் ரைட்டிங் கூடாது. இனிஷியல் போட்டு இன்னிக்குத் தேதி.”

ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோட்டால் ‘கிறுக்கு’ என்பதை அடித்தேன். சரியான சொல்லை எழுதக் கட்டத்தில் இடமில்லை. மேலே இல்லை, கீழே இல்லை. சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஓரத்தில்தான் எழுத வேண்டும். ஓரம் முழுக்க அவருடைய சுழிகள். எழுதினேன். ‘கி’ இரண்டு சுழிகளுக்கு நடுவே சிக்கியது, ‘று’வின் வால் ஒன்றைக் குறுக்கே வெட்டியது, ‘ல்’ ஒரு வெற்றிலைக்குள் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டு பக்கத்தில் அவர் ஒருமுறைகூட என் எழுத்தின் மேல் ஏறியதில்லை. நான் ஒரே சொல்லில் நான்கு இடத்தில் ஏறினேன். அந்தப் பக்கத்தில் கிறுக்கலாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டே சொன்னார்: “மனநிலை சம்பந்தமான புகார் தள்ளுபடி. ஆனா அரசுப் பதிவேட்டில் கிறுக்கல்னு ஆசிரியரே சான்று குடுத்துருக்காரு. அதனால எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. இன்னொரு தடவை புகார் வந்தா வேலை நீக்கம். பதிவேட்டை நான் எடுத்துக்கறேன். நாளையிலேர்ந்து புதுசு வச்சுக்கங்க.”

வயல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “கிறுக்கோ கிறுக்கலோ, எழுதினது எழுதினதுதான். இன்னொரு தடவதானே? பாப்போம்.”

அமைப்பாளர் அம்மா எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தன் பெயரை ஒரே வீச்சில், பேனா எழாமல். போட்டுவிட்டு அதிகாரியைக் கேட்டார், “இது கோடாங்க மேடம், எழுத்தாங்க? இதுக்கும் எதனா வருமா?” அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

கண் என்று சொன்ன தாய் வெளியே போகும்போது, “அப்ப என் புள்ள துன்னட்டுங்க. கிறுக்கு வேற, கிறுக்கல் வேறதான” என்றார். கயிறு என்று சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அன்று பதினாறு பிள்ளைகள் தட்டை எடுக்கவில்லை. நின்று எண்ணினேன்.

இரண்டரை மணிக்குச் சமையற்கூடம் போனேன். அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன், கேட்டதாக எழுதவில்லை.

“இன்னா டிராயிங் சார், வாங்க. புது ஸ்கேலு எதனா கொணாந்தீங்களா?”

“வேலை இருக்கிறது அல்லவா, அதுவரைக்கும்…” என்று ஆரம்பித்தேன்.

“கீது. நூல்ல தொங்கிக்கினு கீது.” துணியைப் பிழிந்தார். “சார், ஒண்ணு கேக்கட்டுமா? எடம் போதலன்னு மேடத்துக்கிட்ட சொன்னீங்களே. அந்தக் கட்டம் போட்டது யாரு?”

“நான்தான்.”

“நீங்க போட்ட கட்டம். நீங்க எழுதின எழுத்து. கோட்டத் தாண்டிப் போனா உங்களுக்கு நோவுமா சார்? நான் தெனம் தாண்டறேன், எனுக்கு நோவல.” அவர் குரல் உயரவில்லை. “ரெண்டு எழுத்து சார். பெரிய பொண்ணு பள்ளிக்கூடம் வந்துக்கினு கீது. பின்னாடி நடந்து வர பசங்க, கிறுக்கு பெத்தது கிறுக்குன்னு பாடிக்கினு வரானுங்க. அதுங்கிட்ட போயி கிறுக்கல்னு திருத்திட்டாங்க, இனிஷியல் போட்டுட்டாங்கன்னு சொல்லட்டுமா?”

ஈரத்தரையிலிருந்து ஓரமாக நகர்ந்து நின்றேன்.

“இன்னாத்துக்கு சார் அப்பிடி மூஞ்சி சுளிச்சீங்க அன்னிக்கு? சோறு நல்லாத்தான இருந்துச்சி?”

“நன்றாக இருந்தது.”

“அத எழுதி இருக்கலாம்ல. அதுக்கு எடம் இருந்துச்சி.”

தலைமையாசிரியர் மாலையில் புதிய நீள நோட்டு ஒன்றைக் கொடுத்து, நாளை மதியத்துக்குள் கட்டம் போட்டுவிடச் சொன்னார். நான்கு நாற்பதுக்குப் பேருந்து. சங்கராபுரத்தில் மாறினேன். முன் இருக்கையின் முதுகில் யாரோ சாவியால் கீறி வைத்த சுழியும் பெயரும். கள்ளக்குறிச்சி வரும்வரை அதன் எதிரில்தான் உட்கார வேண்டியிருந்தது. அது அசிங்கமாகவே இருந்தது. கோடு நடுங்கியது, இடைவெளி தப்பியது. எனக்குக் கிறுக்கல் பிடித்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பிடிக்கவில்லை. ஆனால் அன்று என் வாயில் கசந்தது அந்த இருக்கை அல்ல. அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கிருந்த சுத்தம். ஆறு மணிக்கு வீடு. நாட்குறிப்பில் ஆகஸ்ட் 9ஐத் திறந்து, அங்கேயும் அந்தச் சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியாக எழுதி, தேதியிட்டேன். எட்டு மணிக்குச் சாப்பாடு, இரண்டு தோசை.

ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீர் குடிக்கும் முன், மோட்டார் போடும் முன், புதிய நோட்டை விரித்து இரும்பு ஸ்கேலை எடுத்தேன். குறிப்புக் கட்டம் இம்முறை ஐந்து சென்டிமீட்டர். ‘கிறுக்கல்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன், அடங்கியது. துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாப் பக்கத்துக்கும் கட்டம் போட்டு முடித்தபின் இன்னொரு நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். நூறு பக்கம், கோடு போடாதது. அதில் ஸ்கேலை வைக்கவில்லை. அட்டையில் பள்ளியின் பெயரோ பதிவேட்டின் பெயரோ எழுதவில்லை. இரண்டையும் பையில் வைத்துவிட்டு மோட்டார் போடப் போனேன்.